சொல்லாமல் விட்டது: ஓரங்க நாடகங்களை எப்படிப் பார்ப்பது?

நம்மிடையே ஓரங்க நாடகம் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறார்கள்: இந்த நாடகம் தருகிற படிப்பினை என்ன? மீலாத் விழா மேடையாக இருந்தாலும், பாடசாலைக் கலைவிழாவாக இருந்தாலும், கடைசிக் கட்டத்தில் ஒரு பாத்திரம் முன்னுக்கு வந்து சபையைப் பார்த்துப் புத்திமதி சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால்தான் நாடகம் முடிந்த மாதிரி. வெளியே வரும்போது "கருத்து நல்லாயிருந்திச்சு" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறோம். நடித்த பிள்ளைகளுக்கும் மனம் குளிர்கிறது. மறுநாள் அந்த நாடகத்தில் ஒரு வரியும் நம் நினைவில் இருப்பதில்லை.

ஓரங்க நாடகம் தன் தீர்ப்பைத் தானே சொல்லிவிட்டால் அதன் வேலை பாதியில் நின்றுவிடுகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். நீண்ட நாடகத்துக்கு நேரம் இருக்கிறது. ஒரு மனிதன் மெல்ல மெல்ல மாறுவதை அது காட்டலாம். ஓரங்க நாடகத்தில் மனிதர்கள் ஒரே ஒரு சூழ்நிலையோடு மட்டும் வருகிறார்கள். அவர்களுடைய பின்கதையைச் சொல்ல அவகாசம் கிடையாது. சிறுகதையும் இப்படித்தானே என்று கேட்கலாம். ஆனால் சிறுகதையில் கதைசொல்லியின் குரல் நம் கையைப் பிடித்துக் கூட்டிப்போகிறது. மேடையில் அந்தக் குரலும் இல்லை. ஆகவே சொல்லாமல் விடப்பட்ட இடத்தைச் சபைதான் நிரப்ப வேண்டும். அந்த இடம் எது, அதை நிரப்பும்போது நமக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்பதே ஓரங்க நாடகத்தை நயக்கும் வழி என்று நினைக்கிறேன். மூன்று நாடகங்களைக் கொண்டு இதைப் பார்க்கலாம்.

தண்ணீர்ப் போத்தல்

முதலாவது ஈழத்துத் தமிழ் மேடைக்கு நன்கு அறிமுகமான 'யுகதர்மம்'. பெர்டோல்ட் பிரெக்ட் 1930-ஐ ஒட்டி எழுதிய சிறு நாடகத்தின் தமிழாக்கம் இது. க. பாலேந்திராவின் நெறியாள்கையில் அவைக்காற்று கலைக் கழகம் இதனை 1979 முதல் இலங்கையில் மேடையேற்றியது. பின்னர் புலம்பெயர்ந்த மண்ணிலும் அவர்களது அரங்கு தொடர்ந்தது.

கதை எளிமையானது. ஒரு வணிகன், ஒரு வழிகாட்டி, சுமை தூக்கும் ஒரு கூலியாள். எண்ணெய் வியாபாரத்தில் மற்றவர்களை முந்துவதற்காகப் பாலைவனத்தைக் கடக்கிறார்கள். வணிகன் வழிகாட்டியை இடையில் நிறுத்திவிடுகிறான். ஆற்றைக் கடக்கும்படி துப்பாக்கி முனையில் கூலியாளை விரட்டுகிறான்; அவனுடைய கை முறிகிறது. வழி தவறிவிடுகிறது, தண்ணீரும் தீர்ந்துகொண்டு வருகிறது. வழிகாட்டி பிரியும்போது இரகசியமாகக் கொடுத்த ஒரு தண்ணீர்ப் போத்தல் கூலியாளிடம் இருக்கிறது. அதைக் கொடுப்பதற்காக அவன் வணிகனிடம் வருகிறான். அவன் கையில் இருப்பது கல் என்று நினைத்து வணிகன் சுட்டுவிடுகிறான்.

இத்தோடு நாடகம் முடிந்திருந்தால் அது ஒரு சோகக் கதை, அவ்வளவுதான். பிரெக்ட் நம்மை நீதிமன்றத்துக்குக் கூட்டிப்போகிறார். இறந்தவனின் மனைவி நியாயம் கேட்டு நிற்கிறாள். போத்தல் சாட்சியாக மேசையில் வைக்கப்படுகிறது. கல் அல்ல, தண்ணீர்தான் என்று நிரூபணம் ஆகிவிடுகிறது. ஆனாலும் வணிகன் விடுதலை ஆகிறான். காரணம்: அத்தனை கொடுமை அனுபவித்த ஒரு கூலியாளுக்குத் தன் முதலாளி மீது வெறுப்பு இருப்பதே இயல்பு. வெறுக்க வேண்டியவன் தண்ணீர் கொண்டுவருவான் என்று வணிகன் எப்படி எதிர்பார்க்க முடியும்? ஆகவே அவன் பயந்தது நியாயம், சுட்டதும் நியாயம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கூலியாள் வெறும் இரக்கத்தால் மட்டும் போத்தலை நீட்டவில்லை. வணிகன் தாகத்தால் செத்துத் தன்னிடம் தண்ணீர் இருந்தது தெரியவந்தால் தன்னைத் தண்டிப்பார்கள் என்ற பயமும் அவனுக்கு இருக்கிறது. பிரெக்ட் அவனை அவுலியாவாக ஆக்கவில்லை. நம் ஊரில் இந்தக் கதையை எழுதியிருந்தால் கூலியாள் ஒரு நல்லடியாராகவே வந்திருப்பான். அப்போது நமக்கு அழுவது சுகமாக இருந்திருக்கும். இங்கே அழ முடியவில்லை. நீதிபதியின் தர்க்கத்தை மறுக்க வேண்டியிருக்கிறது, மறுக்கப் போனால் அது எவ்வளவு வழமையான தர்க்கம் என்று தெரிகிறது.

முஸ்லிம் வாசகருக்கு இந்தத் தர்க்கம் புதிதல்ல. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்தை விட்டு எழுபதினாயிரத்துக்கு மேற்பட்ட முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோது, யாழ்ப்பாணத்தில் இரண்டு மணி நேர அவகாசம் கொடுத்தபோது, தனிமனிதர் யார் என்ன செய்தார் என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. 2019 ஏப்ரல் தாக்குதலுக்குப் பிறகு அபாயா அணிந்த ஓர் ஆசிரியையோ பையோடு பஸ்ஸில் ஏறிய ஒரு பெடியனோ எப்படிப் பார்க்கப்பட்டார்கள் என்பது நமக்குத் தெரியும். எல்லா இடத்திலும் போத்தல் கல்லாகத்தான் தெரிந்தது. ஆனால் நாடகம் நம்மைக் கூலியாளின் இடத்தில் மட்டும் நிற்க விடுவதில்லை. நம் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த வேற்றினத்துக் குடும்பத்தைப் பற்றி நாம் முதலில் என்ன நினைத்தோம்? "அவனுகள் அப்படித்தான்" என்று சொன்ன நேரங்களில் நாம் அந்த நீதிபதியின் கதிரையில் இருந்திருக்கிறோம். நாடகம் இதைச் சொல்வதில்லை. சொல்லாததால்தான் உறுத்துகிறது.

மூன்று தொப்பிகள்

இரண்டாவது நாடகம் சாமுவேல் பெக்கெட் 1965-இல் எழுதியது. அதன் பெயரைத் தமிழில் 'வருதலும் போதலும்' எனலாம். 130-க்கும் குறைவான சொற்களே அதில் பேசப்படுகின்றன. அகன்ற தொப்பிகள் முகத்தை மறைக்க, மூன்று பெண்கள் ஒரு வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள். சின்ன வயதிலிருந்தே சிநேகிதிகள். ஒருத்தி எழுந்து இருட்டுக்குள் போகிறாள். மிஞ்சிய இருவரில் ஒருத்தி நகர்ந்து வந்து மற்றவளின் காதில், போனவளைப் பற்றி ஏதோ சொல்கிறாள். கேட்டவள் திடுக்கிடுகிறாள். அவளுக்கு இது தெரியாதா என்று கேட்கிறாள். தெரியாமலே இருக்கட்டும் என்பது போல ஒரு பதில். போனவள் திரும்பி வருகிறாள். பிறகு அடுத்தவள் எழுந்து போகிறாள். அதே காதுப் பேச்சு. பிறகு மூன்றாமவள். கடைசியில் மூவரும் கைகளைக் குறுக்காகக் கோத்துக்கொள்கிறார்கள். மோதிரங்களை உணர முடிகிறது என்கிறாள் ஒருத்தி. ஆனால் அவர்கள் கையில் மோதிரம் எதுவும் தெரியக் கூடாது என்று பெக்கெட் மேடைக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்.

காதில் சொன்னது என்ன? சபைக்கு அது கேட்பதே இல்லை. நோயா, மரணமா, வேறு ஏதும் அவமானமா? ஒவ்வொருத்தியைப் பற்றியும் மற்ற இருவருக்கும் தெரிந்திருப்பது அவளுக்கு மட்டும் தெரியவில்லை என்பதே நமக்குக் கிடைக்கும் ஒரே தகவல்.

திருகோணமலை நகரை அடுத்த அன்புவழிபுரத்தில், ஆசிரிய நண்பர் ஒருவரின் வீட்டு விறாந்தையில், கிண்ணியாவிலிருந்து வந்த இருவர் உட்பட ஐந்தாறு பேர் இந்த நாடகத்தைத் தமிழில் வாசித்துப் பார்த்தோம். தொப்பிகள் இல்லை. வாங்குக்குப் பதில் மூன்று பிளாஸ்டிக் கதிரைகள். வாசித்து முடிய ஐந்து நிமிடமும் ஆகவில்லை. கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை. பிறகு வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டு, "காக்கா, நீங்க பஸ் ஏறினாப் பிறகு நாங்க என்ன கதைப்பம் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?" என்று கேட்டார். கிண்ணியாக்காரர் விடவில்லை. "அத விடுங்க சேர். இப்ப இஞ்ச இருக்கிறது தமிழாக்களும் நாங்களும்தானே. மூணாவது ஆள் இல்லையே. நாம இவ்வளவு நேரமும் அவங்களப் பத்தி என்ன கதைச்சம் எண்டு யோசிச்சிப் பாருங்க" என்றார்.

எந்தச் சமூகமும் தனித்துப் பாதிக்கு மேல் இல்லாத மாவட்டம் இது. தமிழர், முஸ்லிம், சிங்களவர் என்று மூவரும் ஒரே வாங்கில் இருக்கிறோம். ஒருவர் எழுந்து போனதும் மற்ற இருவரும் காதோடு காதாகக் கதைக்கிறோம். பெக்கெட்டுக்கு இந்த ஊரைத் தெரியாது. அவர் இனப்பிரச்சினை பற்றி எழுதவும் இல்லை. காதில் சொன்னது இன்னதென்று அவர் எழுதியிருந்தால் அது அந்த மூன்று பெண்களின் கதையாகவே இருந்திருக்கும். எழுதாமல் விட்டதால் அது நம் கதையாகவும் ஆகிவிட்டது. 'எதையும் தெளிவாகச் சொல்லவில்லை' என்று இத்தகைய நாடகங்கள் மீது வைக்கப்படும் குற்றச்சாட்டுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

பிள்ளைக்கு என்ன சொல்வது?

மூன்றாவது, 1938-இல் பிறந்த பிரித்தானிய நாடகாசிரியர் கரில் சேர்ச்சில் எழுதிய 'ஏழு யூதக் குழந்தைகள்'. காஸா மீதான தாக்குதலின்போது 2009 ஜனவரியில் எழுதப்பட்டு, பெப்ரவரியில் லண்டன் ரோயல் கோர்ட் அரங்கில் மேடையேறியது. ஏறத்தாழப் பத்து நிமிட நாடகம். அனுமதி இலவசம், பலஸ்தீன மக்களின் மருத்துவ உதவிக்காக அரங்கில் நிதி திரட்டப்பட்டது. நாடகத்தை யாரும் உரிமைத் தொகை கொடுக்காமல் ஆற்றலாம், ஆனால் அதே உதவிக்கு நிதி சேர்க்க வேண்டும் என்று ஆசிரியர் அறிவித்தார். நமது வாசகர்களில் பலர் பலஸ்தீனத்தை இலக்கியமாக முதலில் சந்தித்தது எம். ஏ. நுஃமான் மொழிபெயர்த்த பலஸ்தீனக் கவிதைகளில்தான். இந்த நாடகம் அந்தக் கவிதைகளுக்கு நேர் எதிர்த் திசையிலிருந்து வருகிறது. இதில் பலஸ்தீனர் ஒருவரும் பேசுவதில்லை.

ஏழு காட்சிகள். ஒவ்வொன்றிலும் ஒரு யூதச் சிறுமியைப் பற்றிப் பெரியவர்கள் பேசிக்கொள்கிறார்கள். சிறுமி மேடைக்கு வருவதே இல்லை. பேசுபவர்களுக்குப் பெயரும் இல்லை. எந்த வரியை யார் பேசுவது என்பதை நடிப்பவர்களே பிரித்துக்கொள்ளலாம். அவளுக்கு எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்பதே பேச்சு முழுவதும். முதற்காட்சியில் அவளை ஒளித்து வைத்திருக்கிறார்கள். சத்தம் போட்டால் உயிர் போய்விடும். அடுத்ததில் இறந்துபோன உறவினரின் படங்களை அவளுக்குக் காட்டலாமா என்ற தயக்கம். பிறகு புதிய நாட்டுக்குப் புறப்பாடு. அங்கே ஏற்கெனவே இருந்தவர்களைப் பற்றி என்ன சொல்வது? பிறகு யுத்த வெற்றி, தண்ணீர், மதில், கடைசியில் காஸா. முதற்காட்சியில் பிள்ளையைக் காப்பாற்றப் பிறந்த மௌனம் கடைசிக் காட்சியில் வேறொரு பிள்ளையின் சாவை மறைக்கும் மௌனமாகிவிடுகிறது. எந்தக் கட்டத்தில் ஒன்று மற்றதாக மாறியது என்று விரல் வைத்துக் காட்ட முடியாதபடி சேர்ச்சில் எழுதியிருக்கிறார்.

நாடகம் யூத வெறுப்பைப் பரப்புகிறது என்று யூத அமைப்புகளும் எழுத்தாளர் சிலரும் கண்டித்தார்கள். 2022-இல் ஜெர்மனியில் சேர்ச்சிலுக்கு அறிவிக்கப்பட்ட ஐரோப்பிய நாடகப் பரிசு, இந்த நாடகத்தையும் இஸ்ரேலைப் புறக்கணிக்கும் இயக்கத்துக்கு அவர் கொடுத்த ஆதரவையும் காரணம் காட்டித் திரும்பப் பெறப்பட்டது. குற்றச்சாட்டை நாம் கண்ணை மூடிக்கொண்டு தள்ளிவிடக் கூடாது. என் மதிப்பீட்டில் நாடகத்தின் பலவீனம் கடைசிக் காட்சியில் வரும் அந்த நீண்ட பேச்சில் இருக்கிறது. அதுவரை ஒற்றை ஒற்றை வரியாக வந்த தயக்கங்கள் போய், ஒரு குரல் தன் வெறுப்பை எல்லாம் கொட்டித் தீர்க்கிறது. சொல்லாமல் விட்டுக்கொண்டே வந்த நாடகம் அங்கே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. மற்றவர்கள் உடனே அதைத் தடுத்து, பிள்ளையைப் பயப்படுத்த வேண்டாம் என்று சொல்வதில்தான் நாடகம் மீண்டும் தன் பாதைக்கு வருகிறது. எனினும் முதல் இரண்டு காட்சிகளில் யூதரின் பயத்தை இவ்வளவு பரிவோடு எழுதிய ஒரு பிரதியை இன வெறுப்பு என்று ஒதுக்க முடியாது.

முஸ்லிம் வாசகர் இந்த நாடகத்தை 'பார்த்தீர்களா, அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள்' என்று கைதட்டுவதற்காக வாசித்தால் அது வீண். சேர்ச்சில் யூதரல்லர், நாடகம் வாக்குமூலமும் அல்ல. இதில் நமக்கு வேலை இருக்கிறது. நம் வீட்டில் பிள்ளைக்கு என்ன சொல்கிறோம்? 1990 ஓகஸ்ட்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்கள் கொல்லப்பட்டதைச் சொல்கிறோம், சொல்லத்தான் வேண்டும். 2006 ஓகஸ்ட்டில் மூதூர் முழுக்க இடம்பெயர்ந்து கந்தளாய்க்கு நடந்ததைச் சொல்கிறோம். அதே நாட்களில் அதே மூதூரில் தொண்டு நிறுவனம் ஒன்றின் பணியாளர் பதினேழு பேர் கொல்லப்பட்டார்களே, அதைச் சொல்கிறோமா? கொல்லப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலானோர் தமிழர். கிழக்கில் தமிழ்க் கிராமங்கள் எரிந்ததில் நம்மவர் சிலருக்கும் பங்கு இருந்தது என்ற பேச்சு வந்தால் "அத இப்ப புள்ளைக்கிட்ட செல்லாதீங்க" என்று உம்மா கண்ணைக் காட்டுவார். தமிழர் வீட்டிலும் இதே பட்டியல் மறுபக்கமாக எழுதப்பட்டிருக்கும், சிங்களவர் வீட்டிலும் அப்படியே. சேர்ச்சிலின் நாடகத்தில் பெயரில்லாத அந்தப் பெரியவர்களின் இடத்தில் நம்மை நிறுத்திப் பார்த்தால்தான் அதை வாசித்ததாக ஆகும்.

நமது மேடை

'நாடகம் நமக்கு எதற்கு?' என்று கேட்கிற பெரியவர்கள் இன்றும் உண்டு. மார்க்க ரீதியான கருத்து வேறுபாடுகளை இங்கே தீர்க்க நான் முனையவில்லை. சரித்திரத்தை மட்டும் நினைவூட்டுகிறேன். 'அலிபாதுஷா நாடகம்', 'அப்பாசு நாடகம்' என்று தமிழ் முஸ்லிம்களுக்கு ஒரு நாடக மரபே இருந்தது. எகிப்தின் தௌபீக் அல் ஹகீம் சூரத்துல் கஹ்பில் வரும் குகைவாசிகளை வைத்து 1933-இல் நாடகம் எழுதினார். 1935-இல் அந்நாட்டின் தேசிய நாடகக் குழு அதைக் கொண்டே தன் அரங்கைத் தொடங்கியது. சமூகப் பிரச்சினைகள் பற்றிய குறுநாடகங்களைப் பத்திரிகையிலேயே தொடராக எழுதியவரும் அவர்தான். இன்குலாப் என்று நாமறிந்த சாகுல் ஹமீது கீழக்கரையில் பிறந்தவர். கவிதையோடு நின்றுவிடாமல் 'ஔவை' முதலிய நாடகங்களையும் எழுதினார்.

தமிழில் சொல்லாமல் விடும் கலைக்கும் முன்னோடிகள் உண்டு. ந. முத்துசாமியின் 'நாற்காலிக்காரர்' நாடகத்தில் ஒரு மனிதர் நாற்காலியில் சும்மா இருக்கிறார். இரண்டு விளையாட்டுக் கோஷ்டிகள் அவருடைய ஆதரவுக்காக மோதிக்கொள்கின்றன. தேர்தல் அரசியல் பற்றி ஒரு பிரசங்கமும் இல்லாமலே அது தேர்தல் அரசியலின் நாடகமாகிவிடுகிறது. யாழ்ப்பாணத்தில் 1978-இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கி, 2025 ஜனவரியில் மறையும்வரை நாடகத்தோடே வாழ்ந்த குழந்தை ம. சண்முகலிங்கம் பாடசாலைகளுக்காக எழுதிய நாடகங்கள் ஏராளம். 'நாடகமும் அரங்கியலும்' ஒரு பாடமாக நம் பிள்ளைகளுக்கு இருப்பதில் அவரைப் போன்றவர்களின் உழைப்பு இருக்கிறது. முஸ்லிம் பாடசாலைகளும் அந்தப் பாடத்தைப் படிக்கின்றன. ஆனால் பரீட்சைக்குப் படித்த அரங்கியலுக்கும் விழா மேடையில் நாம் போடும் நாடகத்துக்கும் ஒரு தொடர்பும் இருப்பதில்லை.

எழுதப்படக் காத்திருக்கும் ஒன்று

இனி எழுதப்போகிறவர்களுக்காக ஓர் உதாரணம். கொரோனா காலத்தில், 2020 மார்ச் இறுதி முதல் 2021 பெப்ரவரி வரை, நம் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன. 2020 டிசம்பரில் பிறந்து இருபதே நாளான ஒரு குழந்தையின் உடலும் எரிக்கப்பட்டது. அதன் பின் மக்கள் கொழும்பு பொரளை மயானத்தின் வேலியில் வெள்ளைத் துணித் துண்டுகளைக் கட்டினார்கள். 2021 மார்ச்சில் ஓட்டமாவடி மையவாடியில் அடக்கம் தொடங்கியது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரியது.

இதை வழமையான முறையில் எழுதினால் எப்படி இருக்கும்? அழுகிற உம்மா, கல் நெஞ்சு அதிகாரி, கடைசியில் வந்து பொறுமையைப் போதிக்கும் மௌலவி. சபை அழும், கலையும். இப்படி யோசித்துப் பாருங்கள்: ஒரு மேசை, ஒரு படிவம், ஒரு பேனை. ஒரு வாப்பா, ஓர் எழுதுவினைஞர். எழுதுவினைஞர் கெட்டவர் அல்ல. அவர் வீட்டிலும் சிறு பிள்ளை உண்டு. தேநீர் தருகிறார். கையொப்பம் மட்டும்தான் கேட்கிறார். வாப்பா கையொப்பம் போட மாட்டேன் என்று ஒரு முறை சொல்கிறார். அதன் பிறகு இருவரும் வேறு எதையெதையோ கதைக்கிறார்கள்: மழை, பஸ், ஊர். குழந்தை என்ற சொல்லே நாடகத்தில் வருவதில்லை. வெள்ளைத் துணியும் மேடைக்கு வருவதில்லை. சபைக்கு எல்லாம் தெரியும். சிங்களத்தில் மொழிபெயர்த்து அநுராதபுரத்தில் போட்டாலும் அங்குள்ளவர் அந்த எழுதுவினைஞரில் தன்னைக் காண்பார். வில்லனாக எழுதியிருந்தால் காண மாட்டார். பிரெக்ட்டின் நீதிபதி ஏன் கொம்பும் வாலும் இல்லாமல் சாதாரண மனிதனாக வருகிறான் என்பது இங்கே விளங்கும்.

இத்தகைய நாடகத்துக்கு மண்டபம் வேண்டாம், ஒலிபெருக்கி வேண்டாம், திரைச்சீலையும் வேண்டாம். இரண்டு கதிரையும் வாசிக்கத் தெரிந்த இரண்டு பேரும் போதும். வாசித்து முடிந்ததும் 'என்ன படிப்பினை?' என்று கேட்கும் பழக்கத்தைக் கொஞ்சம் தள்ளிவைத்து, வேறு மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். இதில் யார் பேசவே இல்லை? எந்த இடத்தில் எனக்குக் கோபம் வந்தது? அந்தக் கோபம் வந்த நேரம் நான் யாருடைய கதிரையில் இருந்தேன்? மூன்றாவது கேள்விக்கு ஒரே விறாந்தையில் இருக்கும் தமிழரும் முஸ்லிமும் சிங்களவரும் ஒரே பதிலைச் சொல்லத் தேவையில்லை. தத்தம் பதிலை மற்றவர் முன்னால் வாய் திறந்து சொன்னால் அதுவே பெரிய காரியம்.